அம்மையைத் துவட்டிய கம்ப்யூட்டர்

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் பஸ்ஸில், முன் சீட்டு அக்கா சுருட்டி வைத்திருந்த படத்தை மடியில் விரித்ததும் சொன்னார்: "ஏலே, அம்மைய தொவட்டிப்புட்டான்லே!"

பக்கத்திலிருந்த அவர் தம்பிக்குப் புரியவில்லை. எனக்கும்தான். பேச்சில் தெரிந்தது இது: குற்றால அருவியில் அம்மா நனைந்து சிரிக்கும் ஒரே ஸ்லைடு, பழைய பிலிம் துண்டு. அதைத் தென்காசி ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து, கதவளவு பெரிதாக்கி, நாளை புது வீட்டுப் பால்காய்ப்புக்கு மாட்ட வேண்டும்.

"மொகத்துல ஒரு சொட்டுத் தண்ணியக் காணோம், பாரு."

"பெருசாக்கினா தூசியும் பெருசாத் தெரியும்னு கம்ப்யூட்டர்ல தொடச்சிருக்காங்கக்கா. தண்ணியவும் தூசின்னு நெனச்சிட்டு போலுக்கு. ஆனா எம்புட்டு ஷார்ப்பா இருக்கு!"

"தலை நனஞ்சிருக்கு, மொகம் பவுடர் போட்டாப்புல இருக்கு. இவ அருவியிலயா நிக்கா?"

"தொடைக்காம போட்டா இம்புட்டு பெருசுக்கு புள்ளி புள்ளியா வரும். சைஸக் கொறைக்கணும்."

"கொறைக்கட்டும். காலண்டர் அளவு போதும். வாறவங்க கிட்ட வந்து பாக்கட்டும்."

தம்பி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, கண்டக்டரிடம் இலஞ்சியில் இறக்கிவிடச் சொன்னான்.

"திரும்பப் போயி கேட்டா, நாளைக்குள்ள கெடைக்குமாக்கா?"

"கெடைக்கலன்னா வெறும் ஆணி இருக்கட்டும்லே."