இடது பக்கச் சக்கரங்கள்

ஆரப்பாளையத்திலிருந்து திருநகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். மூத்தவர் வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டுபவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“கல்யாண வண்டிக்கு இடது பக்கம் ரெண்டு சக்கரத்துக்கு மட்டுந்தான் பெயிண்ட் அடிச்சேன்” என்றார் அவர். நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“ஏண்ணே அப்படி?”

“உப்புத்தாள் போட்டுத் தேச்சு, சில்வர் பெயிண்ட் அடிச்சேன். வாங்குன டப்பா அம்புட்டுக்குத்தான் வந்துச்சு. பொண்ணும் மாப்பிள்ளையும் இடது பக்கந்தானே இறங்குவாக, போட்டோவும் அங்கதான்னு நெனச்சேன்.”

“பெறகு?”

“வெயில் சரியில்லன்னு போட்டோக்காரரு எல்லாரையும் வலது பக்கம் கூட்டிட்டு வந்துட்டாரு. அங்க ஒரே துரு. பொண்ணோட அப்பா பாத்தா வைவாரேன்னு முன்சக்கரத்த மறைச்சு நின்னேன். தள்ளிப் போய்யாங்குறாரு போட்டோக்காரரு.”

“அய்யய்யோ!”

“பொண்ணு என் காலடியப் பாத்துச்சு. ‘நீங்க போங்கண்ணே’ன்னுட்டு அதுவே அந்தச் சக்கரத்துக்கு முன்னாடி வந்து நின்னுக்கிருச்சு. மாப்பிள்ளைகிட்ட கண்ணக் காட்டி, அவரப் பின்சக்கரத்துக்கு முன்னாடி நிக்க வச்சிருச்சு. துரு ஒரு பொட்டுத் தெரியல.”

“அப்ப போட்டோல?”

“ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டு கதவு தெரியுது.”

இருவரும் சிரித்தார்கள். இளையவர் மூத்தவரின் மடியிலிருந்த பையைத் தொட்டு, “இதென்ன டப்பா?” என்றார்.

“பெயிண்ட்தான். மறுவீட்டுக்கும் என் வண்டியத்தான் கேட்டிருக்காக. இந்தத் தடவ ரெண்டு பேரும் ஒட்டி நின்னு ஒரு போட்டோ எடுக்கணுமாம்.”