பட்டறைக்குள் ஒரு ஒலிப்பதிவு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்தது பட்டப்பகலில், மத்தியானம் ரெண்டு மணிக்கு. ஊருக்கு வெளியே, நாய்கூடப் படுக்காத ஒரு ரோடு. அதன் கடைசியில் மூடிப்போன இரும்புப் பட்டறை... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கத்திச் சொல்கிற கதை இல்லை இது.

என் நண்பனுடைய அக்காவும் அவள் புருஷனும் அங்கே போய் இறங்கினார்கள். அந்த மனிதருக்குச் சத்தம்தான் தொழில். பாட்டு இல்லை, வெறும் சத்தம். அதைக் கண்காட்சி வைப்பார், ஜனங்கள் வரிசையில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். சிரிக்காதீர்கள், உலகத்தில் என்னென்னவோ நடக்கிறது.

அன்றைக்கு அவர் செய்தது இதுதான். பட்டறையின் உள்ளறையில் அக்காவை நாலு வரி படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதே அறையில் மறுபடி பதிவு செய்தார். அதை ஓடவிட்டு இன்னொரு பதிவு. இப்படிப் போகப் போகப் பேச்சு கரைந்துபோய், அறையின் ரீங்காரம் மட்டும் மிஞ்சுமாம். பதிவு ஓடும்போது யாரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடக் கூடாது. இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள, கல்யாணமான புதிதிலேயே அக்கா பழகியிருந்தாள்.

மூன்றாவது பதிவில் ஹெட்போனுக்குள் ஒரு சத்தம்... தொப். ஈரத்துணியைக் கல்லில் அடித்தது மாதிரி. அடுத்ததில் இன்னும் பலமாக. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அக்கா முகம் வெளுத்துப்போயிருந்தது. "யாரோ என் தோள்ல அடிச்சாங்க. வாங்க, போயிடலாம்."

"நாளைக்குக் கண்காட்சி. கடைசியா ஒரே ஒரு தடவை. நீ மட்டும் சத்தம் போட்டுடாத, எல்லாம் பாழாயிடும்."

பாவி மனுஷன். பெண்டாட்டியின் தோளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை... சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

தொப்... தொப்... அப்புறம் அது தொப் இல்லை. காய்ந்த சுள்ளியை முறிக்கிற சத்தம். நடுவே மூக்கால் இழுக்கிற மூச்சு. துருவாடை... இல்லை, துரு இல்லை அது. பிடரியில் சூடாக ஏதோ தெறித்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்தாராம்! வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். வருஷக்கணக்காகத் தேடிய சத்தம் கிடைத்துவிட்டது, கண்ணைத் திறப்பாரா?

பதிவு முடிந்து திரும்பினால், அக்கா தரையில் கிடக்கிறாள். தாடை ஒருபக்கம் தொங்குகிறது. இடது கை பின்பக்கமாக மடங்கியிருக்கிறது. வலது கையை அவளே வாயில் திணித்து, எலும்பு தெரியக் கடித்திருந்தாள்... சத்தம் வந்துவிடக் கூடாதே என்று. கதவு உள்ளே தாழிட்டபடிதான் இருந்தது.

எப்படியோ பிழைத்தாள். போலீஸ் அவரைக் குடைந்து எடுத்தது. அவர் கையில் ஒரு கீறல்கூட இல்லை, விட்டுவிட்டார்கள்.

தாடையில் கட்டிய கம்பியைப் பிரித்த அன்று, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். "யாரும்மா அடிச்சது?"

அக்காவுக்குப் பேச்சு மெல்லத்தான் வந்தது.

"யாருன்னு தெரியல... அவன் என்னைப் பாக்கவே இல்ல. உங்க காலையே பாத்துக்கிட்டிருந்தான். நீங்க கண்ணை மூடி, சத்தம் வராம காலால தாளம் போட்டுக்கிட்டிருந்தீங்க... உங்க கால் தரையில விழும்போதெல்லாம் அடிச்சான். நீங்க நிறுத்தினதும் அவனும் நிறுத்திட்டான்."