இடக்கையின் நாலாவது கட்டம்

முதலில் ஒரு சின்ன விஷயம், மேடம். நீங்கள் சோப்புப் போட்டு முகம் கழுவுவதை நிறுத்த வேண்டும். உங்கள் தாடையோரம் செதில் செதிலாக இருப்பதற்கு வெயில் காரணமில்லை, சோப்புதான். பதினாறு வருடம் அடுத்தவர் முகத்தைப் பார்த்தே சம்பளம் வாங்கியவள் நான். வந்து உட்கார்ந்ததிலிருந்து இதைச் சொல்லாமல் இருப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வக்கீல் வேண்டாம். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தல் எனக்கு ஆகாது.

என் வேலை க்ரீம் செய்வது. கடையில் வரிசையாக அடுக்கியிருப்பார்களே, அந்தப் பொது க்ரீம் இல்லை. எங்கள் கம்பெனிக்கு வாடிக்கையாளர் நாற்பத்தொரு கேள்விக்குப் பதில் எழுதி, எதுவும் பூசாத முகத்தை மூன்று கோணத்தில் படமெடுத்து அனுப்புவார். அதைப் பார்த்து அவர் ஒருவருக்கென்று நான் ஒரு கலவை எழுதுவேன். ஐம்பது கிராம் ஜாடி, மேலே அவர் பெயர், ஓர் எண். எல்லோருக்கும் தன் முகம் உலகத்திலேயே தனி என்று ஓர் எண்ணம். உண்மையில் பத்துப் பன்னிரண்டு வகைதான் இருக்கிறது. அதை வெளியே சொன்னால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஆய்வகத்தில் இரண்டு விதி உண்டு. எந்த ஜாடி வெளியே போனாலும் அதே கலவையில் ஒரு சின்னக் குப்பியை மாதிரிக்கென்று அலமாரியில் எடுத்து வைக்க வேண்டும். அடுத்தது, கலவை எழுதியவர் முதலில் தன் கையில் ஒட்டிப் பார்க்க வேண்டும். இடது முன்கையின் உட்புறம் பேனாவால் ஆறு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு கலவை தடவி, மேலே பட்டி ஒட்டி இரண்டு நாள் அப்படியே விட வேண்டும். அரிப்பு இல்லை, சிவப்பு இல்லை என்றால் ஜாடி போகும். மற்றவர்கள் ஒட்டாமலே ஒட்டியதாக எழுதிவிடுவார்கள். நான் ஒரு முறைகூட அப்படிச் செய்ததில்லை. என் கையில் படாத எதையும் நான் யார் முகத்திலும் பட விட்டதில்லை. இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

என் கையில் நாலாவது கட்டம் எப்போதும் முதல் எண் ஜாடிக்கு. அது என் தங்கையுடையது. தனிக் கலவைப் பிரிவு தொடங்கிய நாளில் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காமல் அவளுக்கென்று எடுத்து வைத்தேன்.

அம்மா போனபோது எனக்கு இருபத்து மூன்று, சின்னவளுக்கு ஒன்பது. அப்பா அதற்கு முன்பே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். நான்தான் அவளுக்குத் தலை வாரி, பாடம் சொல்லிக் கொடுத்து, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். தெரு முனை வந்ததும் அவள் என் சுண்டுவிரலைத்தான் பிடிப்பாள். மொத்தக் கையையும் பிடிக்க மாட்டாள். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு பேரிடமும் இவளும் கூட வருவாள் என்றேன். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

பத்தொன்பதாவது வயதில் அவள் படிக்க வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. போகிற நேரத்தில் கன்னமெல்லாம் பரு. கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. மருந்துக் கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கி அவள் க்ரீமில் கலந்தேன். முகத்துக்கு அது கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்றே நாளில் முகம் துடைத்த பீங்கான் போல ஆகிவிட்டது. ஒரு மாதம் பூசினாள். விடுதிக்குப் போகும்போது, பழகிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான், களிம்பு கலக்காத ஜாடியைக் கொடுத்தனுப்பினேன். சத்தியமாக நல்ல எண்ணம்தான்.

இரண்டு வாரத்தில் வாசலில் வந்து நின்றாள். களிம்பு திடீரென்று நின்றதில் முகம் வெந்ததுபோலச் சிவந்து, கண் இரண்டும் இடுங்கிப் போயிருந்தது. பெட்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"அக்கா, நான் எங்கயும் போகல. இங்கயே இருந்துக்கறேன்."

அன்று அவளை மடியில் படுக்க வைத்து, பழைய கலவையைப் பூசி, ஈரத்துணி போட்டேன். காலையில் பாதி இறங்கிவிட்டது. என்னை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே மேடம், எத்தனை வருடம் கழித்துக் கேட்டாலும் மறக்காது. அவளுக்கு ஆறுதலாக இருந்தது. எனக்கும்தான்.

அதன் பிறகு இரண்டு கலவை வைத்துக்கொண்டேன். ஒன்றில் மருந்து இருக்கும், ஒன்றில் இருக்காது. ஜாடி ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான். விதிப்படி இரண்டுக்கும் குப்பி எடுத்து வைத்தேன். பணியாளர் வீட்டு ஜாடி என்பதால் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. இருபத்து நாலு வயதில் வெளியூரில் ஒரு வேலை கிடைத்துப் போனாள். மூன்று வாரம் தாக்குப் பிடித்தாள். திரும்பி வந்து இங்கேயே ஒரு கட்டட அலுவலகத்தில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தாள். தோல் டாக்டரிடம் போகலாமா என்று கேட்பாள். கண்ட மருந்தையும் கொடுத்து முகத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று சொல்லி வைத்தேன். எங்கள் முதலாளியம்மா அவள் படத்தைப் போட்டு விளம்பரம் அச்சடித்தார். நல்ல முகம், மேடம். எங்கள் கம்பெனியிலேயே நான் செய்ததில் அதுதான் சிறந்த வேலை.

அவளுக்குச் சந்தேகம் வந்தது வரைபடக்காரர் வந்த பிறகு. அவள் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர், வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் செய்துகொண்டு சேர்ந்து போவதாக இருவரும் பேசி முடித்துவிட்டு, கடைசியில் எனக்குச் சொன்னார்கள். ஆள் நல்லவர்தான். பேசும்போது அவள் முகத்தையே பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். அப்படிப்பட்டவரை எனக்கு நம்பத் தோன்றவில்லை. வழக்கம்போல ஜாடியை மாற்றினேன். முகம் வீங்கியது. பயணத்தைத் தள்ளிப் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அக்கா, ஒண்ணு கவனிச்சியா? நான் பெட்டிய எடுத்தாலே எனக்கு மூஞ்சி வீங்குது."

மனக்கவலை இருந்தால் தோல் காட்டிக் கொடுத்துவிடும் என்றேன். அது பொய் இல்லை, எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. "ஓ, அப்படியா" என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் நானும் அவளும் ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டு இருந்தோம். அவள் ஜாடி மூடியில் ஒரு தலைமுடியை வைத்துவிட்டுப் போவாள். நான் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பேன். மாதக் கடைசியில் ஜாடியின் எடை சரியாகத்தான் குறைந்திருந்தது. ஆனால் க்ரீமை விரலால் எடுத்தால் சரிவு விழும், கரண்டியால் எடுத்தால் சுவர் மாதிரி நிற்கும். அந்த ஜாடியில் சுவர் நின்றது. தினமும் ஒரு கரண்டி எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் ஒரு டாக்டரிடம் போய், அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக க்ரீமை விட்டுக்கொண்டிருந்தாள். முகம் கன்றியிருந்தபோது அலுவலகத்தில் தூசி என்று என்னிடம் சொன்னாள். வளர்த்தவளிடம் மறைக்கிற அளவுக்கு என்ன வந்துவிட்டது என்று அன்றைக்கு மனசு விட்டுப் போயிற்று. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜாடியைத் தொட மாட்டாள் என்றால் அவள் தொடுகிற வேறு எதையாவது பார்க்க வேண்டும். கண் மை கலைக்கிற தைலம் ஒன்று எங்கள் கம்பெனியிலிருந்து வரும். கடையில் எல்லோரும் வாங்குகிற பொருள், முத்திரை போட்ட குப்பி. முத்திரை உடையாமல் இருந்ததால் நம்பினாள். அந்த முத்திரை இயந்திரம் என் மேஜையிலிருந்து ஆறடி தூரத்தில்தான் இருக்கிறது. தினமும் ராத்திரி அந்தத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து இமை மேல் வைத்து, முகம் முழுக்கத் துடைப்பாள். சிவப்பு இறங்கிவிட்டது. டாக்டர் குணப்படுத்திவிட்டார் என்று நினைத்தாள். என்னிடமே வந்து, தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று அழுதாள். பழையபடி பிரியமாக இருந்தோம். கல்யாணத் தேதியைக்கூட நான்தான் குறித்தேன்.

இந்த இடத்தில் எழுதுகிறவரைக் கொஞ்சம் கவனமாக எழுதச் சொல்லுங்கள். ஏழு மாதம் கழித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றாள். பிறகு கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். அந்த மருந்தைக் கண் பக்கம் மாதக்கணக்கில் வைத்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், நரம்பு பட்டுப்போகும், போனது திரும்பி வராது. அதுவும் எனக்குத் தெரியும். வளையம் என்று அவள் சொன்ன அன்றே தெரியும். கண் டாக்டர், ஸ்டீராய்டு ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொன்னாள், அவளுக்குத் தெரிந்த உண்மை அதுதான். நான் பக்கத்து நாற்காலியில் அவள் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகும் நாலு மாதம் நான் தைலத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் முகம் வீங்கும். வீங்கினால் மறுபடியும் என்மேல் சந்தேகப்படுவாள். அந்த வருத்தம் வேறு அவளுக்கு எதற்கு?

இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண்ணில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். வரைபடக்காரர் வேலையை விட முடியாமல் முன்னால் போய்விட்டார். சின்னவள் வெளியே போகும்போது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வயதில் பிடித்த அதே பிடி. அந்த மாதங்கள் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம், மேடம். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மாட்டிக்கொண்டது எப்படி என்று கேட்டீர்கள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். எங்கள் ஆய்வகத்தில் தரம் பார்க்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். பூதக்கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடுவோம், ஏதாவது என்றால் முதலில் அவருக்குத்தான் மூக்கில் வேர்க்கும். போன மாதம் அவர் என் கையிலிருந்து பட்டியை உரித்தார். நாலாவது கட்டத்தில் பட்டியோடு தோலும் சேர்ந்து வந்துவிட்டது. ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும்; பதினொரு வருடம் அதே இடத்தில் ஒட்டியதில் அங்கே தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகியிருந்தது. மற்ற ஐந்து கட்டத்திலும் ஒன்றுமில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேரே அலமாரிக்குப் போய், முதல் எண் குப்பிகளையும், அதே எண் போட்டு நான் வைத்திருந்த தைலக் குப்பியையும் எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினார். மற்றவர்களைப் போல ஒட்டாமலே எழுதியிருந்தால் இன்று நான் இங்கே இல்லை. நாணயத்துக்கு இந்தக் காலத்தில் கிடைக்கிற மரியாதை இது.

ஆகவே, ஆமாம். களிம்பைக் கலந்தது நான். ஜாடியை மாற்றி மாற்றிக் கொடுத்தது நான். தைலத்தில் கலந்ததும், கண் போகிறது என்று தெரிந்த பிறகும் தொடர்ந்து கொடுத்ததும் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

என்ன சொன்னீர்கள்? சின்னவள் வியாழக்கிழமை ஊரைவிட்டுக் கிளம்புகிறாளா? தனியாகவா, கம்பை வைத்துக்கொண்டா? நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் வாக்குமூலம் கொடுத்தாளா? சரி. முகம் எப்படி இருந்தது? சிவந்து உரிந்திருக்கும். அதன்மேல் என்ன பூசியிருந்தாள்?

ஒன்றுமே பூசவில்லையா.

துணிகூடச் சுற்றாமல், அப்படியே தெருவில் நடந்து வந்தாளா?

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி அவள் அறையை வேறு யாருக்கும் விடாமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். பத்து நாள், மிஞ்சிப் போனால் மூன்று வாரம். அந்த முகம் எனக்குத் தெரியும், அதற்குமேல் தாங்காது. பெட்டியோடு வந்து வாசலில் நிற்பாள். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தாக வேண்டும், மேடம். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?