பக்கவாட்டுப் படம்

சுவரில் ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாதவன் நான். கடிகாரம் மாட்டவேண்டுமென்றால் என் மனைவி தச்சரைத்தான் கூப்பிடுவாள். ஆனால் முதுகெலும்பில் திருகாணி போடுவதில் எனக்குக் கைராசி என்று ஊரே சொல்லிற்று. நானும் நம்பித் தொலைத்தேன்.

மற்ற டாக்டர்கள் ஆபரேஷன் மேஜையிலேயே முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்ப்பார்கள். நான் பக்கவாட்டில் மட்டும் எடுப்பேன். மிச்சத்தைக் கை சொல்லிவிடும் என்பேன். பயிற்சி டாக்டர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த வாய்களுக்காகவே பாதி ஆபரேஷன்களைச் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் கணவருக்கு, அதாவது என் அத்தானுக்கு, முதுகெலும்பு நழுவியிருந்தது. கடைசித் திருகாணி இறங்கும்போது எலும்பின் பிடிப்பே இல்லை. உள்பக்கம் சாய்ந்து நரம்பை இடித்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது. கழற்றி வேறு வழியில் போட்டிருக்கலாம். ஆனால் சுற்றிலும் வாய்கள் பிளந்து காத்திருந்தன.

"ஜம்முனு உக்காந்துடுச்சு," என்றேன்.

கண் விழித்தபோது அத்தானின் இடது பாதம் தொங்கியது.

"தம்பி, செருப்பு கால்லயே நிக்க மாட்டேங்குது," என்றார். நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்றேன். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன், பக்கவாட்டில். அங்கிருந்து பார்த்தால் உள்பக்கம் சாய்ந்த திருகாணியும் ஒழுங்காக இருப்பதாகத்தான் தெரியும்.

"பாருக்கா, எல்லாம் கச்சிதமா இருக்கு. அத்தானுக்குச் சோம்பல். கொஞ்சம் விரட்டு."

என் பேச்சு அவளுக்கு வேதவாக்கு. ஊன்றுகோலைப் பிடுங்கி ஒளித்துவைத்தாள். மறுவாரம் அத்தான் மாடிப்படியில் உருண்டார். அதன்பிறகு இரண்டு காலுமே விளங்காமல் போய்விட்டது.

"நான்தான்டா அவரை முடக்கிட்டேன்," என்று அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். தட்டிக்கொடுத்தேன். "உன்மேல தப்பில்லக்கா. யாரா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க." ஆறுதல் சொல்வதிலும் எனக்குக் கைராசி உண்டு.

விழுந்தவரைப் பக்கத்து வீட்டார் வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே முன்பக்கம் படம் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் மருத்துவக் கவுன்சிலிலிருந்து நீங்கள் வந்து விசாரிக்கிறீர்கள், நானும் மறைக்காமல் சொல்கிறேன். போட்டது நான், தெரிந்தே விட்டதும் நான்.

திருகாணியை எடுத்தாக வேண்டும் என்கிறீர்கள். தாராளமாக எடுக்கலாம். ஆனால் நானே எடுத்துவிடுகிறேனே. வேறு யார் கையிலாவது கொடுத்து ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?