இடைச்செருகல்

வாடைக்காற்று இறங்கும் மாதங்களில் வாவி சாம்பல் நிறம் கொள்ளும். வயல் வட்டைகளில் நீர் ஏறி நிற்கும். விடியற்பூசைக்குச் சங்கு ஒலிக்கும். ஊர் தாழ்ந்த குரலில் பேசும். அந்தப் பருவத்தில் எனக்கு நல்ல உறக்கம் வரும். இப்போதும் வருகிறது.

நோபேட்டைப் பற்றிக் கேட்டீர்கள். எங்களுக்குள் இருந்தது கணினி மொழிகள் பற்றிய கருத்து வேறுபாடு மட்டுமே.

ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்பு நகரில் ஒரு நிவாரண அலுவலகத்தில் இருவரும் நிரல் எழுதினோம். முகாம்களில் இருந்த பிள்ளைகளின் பெயர்களைப் பெற்றோர் தந்த பெயர்களோடு ஒப்பிட வேண்டும். ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் முகாமுக்கு ஒரு விதமாக எழுதியிருந்தார்கள். அவன் சி மொழிக்காரன். மொழியோடு கூடவே வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பை நூலகம் என்போம்; சி மொழியின் நூலகம் இரு சொற்கள் ஒன்றா இல்லையா என்று மட்டும் சொல்லும். மிச்சத்தை நாமே எழுத வேண்டும். நான் பைத்தன் மொழிக்காரன். ஒரு பெயரைக் கொடுத்தால் அதை ஒத்த பெயர்களை எடுத்துத் தரும் செயற்கூறு அதன் நூலகத்திலேயே உண்டு. முன்னோர் வைத்ததை மாற்றாமல் ஓதுவதே என் பழக்கம். பதிகங்களையும் அப்படித்தான் கற்றேன்.

"புலவர், உங்கட மொழி சீதனத்தோட வந்த பொம்பிள. வீடு வளவெல்லாம் கொண்டு வந்திருக்கா. அடுப்பு மூட்டத் தெரியுமோ எண்டு கேட்டுப் பாருங்க," என்றான் நோபேட் எல்லார் முன்னிலையிலும். அங்கே தட்டச்சுச் செய்த றொசானியும் சிரித்தாள். பின்னாளில் அவனை மணந்தவள்.

மாங்கேணிச் செபஸ்தியம்மாவின் மகன் கிடைத்துவிட்டான் என்று என் நிரல் ஒரு நாள் சொல்லிற்று. பெயர் ஒத்திருந்தது. முகாமில் நின்றது வேறொருவர் பிள்ளை. அவள் அதன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாளாம். அன்று நோபேட் என் நாற்காலியில் அமர்ந்து, என்னைக் கேளாமல், என் வரியில் ஓர் எண்ணைச் சேர்த்தான். பத்தில் ஆறு பங்கு ஒத்தால் போதும் என்பது நூலகத்தின் இயல்பான அளவு. அவன் அதை எட்டாக்கினான்.

"ஆறு காணாது அண்ணன். இது ஆக்கள்ர பேரு," என்றான்.

அவன் சொன்னது சரி. அதன்பின் பிழை வரவில்லை.

பழம்பாடலுள் பிறர் கை நுழைத்த வரியை இடைச்செருகல் என்போம். ஓதும்போது அது சோற்றுக் கல்லாய் நெருடும். அந்த எண்ணை நான் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர் முடிவை நெருங்கிய நாட்களில் சீருடையில் சிலர் வந்தார்கள். பேருந்துப் பயணிகளின் பெயர்களைத் தாங்கள் தேடுவோரின் பெயர்களோடு ஒப்பிட அந்த நிரல் வேண்டும் என்றார்கள்.

"பிள்ளையளத் தேடச் செஞ்சத ஆளப் பிடிக்கக் குடுக்கவோ? நான் மாட்டன்," என்றான் நோபேட்.

நான் கொடுத்தேன். கொடுக்குமுன் நிரலைத் தூய்மை செய்தேன். அந்த எண்ணை நீக்கினேன்; அளவு மீண்டும் ஆறானது. புதிதாக எதுவும் எழுதவில்லை. மூலபாடம் மீண்டது.

அவர்கள் தேடிய பெயர்களில் றொபேட் என்று ஒன்று இருந்தது. ஆங்கில எழுத்தில் அதையும் நோபேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏழரைக்குச் சற்று மேல் வந்தது. அளவு எட்டானால் அவன் தப்புவான், ஆறானால் அகப்படுவான். எண்ணை நீக்கியது இதைப் பார்த்த பிறகுதான். அவன் வேலை நிமித்தம் ஓட்டமாவடி வழியாகப் பொலன்னறுவைக்குப் பேருந்தில் போய்வருபவன் என்பதும் எனக்குத் தெரியும்.

ஓட்டமாவடிக்கு அப்பால் அவனை இறக்கினார்கள். பின்னர் எவரும் அவனைக் காணவில்லை.

றொசானி வந்து கேட்டாள். "அண்ணன், இவர்ர பேரு அதுக்குள்ள எப்பிடி வந்த? உங்களுக்குத்தானே தெரியும்."

"அது நான் எழுதினது இல்ல, தங்கச்சி. மொழியோடயே வந்தது."

அது பொய்யன்று.

வெள்ளிதோறும் மாமாங்கேசுவரர் சந்நிதியில் அவனுக்காக ஒரு நெய்விளக்கு ஏற்றுகிறேன். அவன் வேதக்காரன், கிறித்தவன்; ஈசனுக்கு அந்த வேறுபாடு இல்லை. குருக்கள் யாருடைய பெயருக்கு என்று கேட்பார். ஓர் எழுத்தும் பிசகாமல், நோபேட் என்று சொல்வேன்.

அவன் எங்கிருந்தாலும் நோயின்றி நீடு வாழ்க. அவன் என்மேல் கொண்டிருந்த பகையை இறைவன் மன்னித்தருள்க.