சிவப்பு மையில் அடித்த வரி

டெல்லியில், ஜனக்புரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள். ஒரே இங்கிலீஷ் வகுப்பில் படிக்கிறவர்கள். வேலைக்கு எழுதும் கடிதங்களை அங்கே ஒருத்திக்கொருத்தி திருத்தித் தர வேண்டுமாம். ஸ்டாப்பை விட்டுவிடுவேனோ என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்த நான், இதைக் கேட்டுத்தான் திரும்பினேன்.

"உங்கப்பாவை லெட்டர்லேருந்து தூக்கினது நான்தானேடி, சுதா."

"விடு கவிதா. நானும்தானே சரின்னேன்."

"எப்படி விடறது? பக்கவாதம் வந்த அப்பாவைப் பாத்துக்க ரெண்டு வருஷம் வீட்ல இருந்தேன்னு எழுதியிருந்தே. வேலைக்கு இது எதுக்குன்னு சிவப்பு மையில அடிச்சேன். இப்ப, ரெண்டு வருஷம் சும்மா இருந்தவள்னு அந்தக் கம்பெனிக்காரன் உன்னை வேணாம்னுட்டான். அதே வேலைக்கு என்னை இன்டர்வியூக்குக் கூப்பிடறான்."

"அச்சா, போயிட்டு வா. மேனேஜர் லெட்டரையும் திருத்திடாதே."

கவிதா சிரிக்கவில்லை. "அப்பா என்ன சொன்னார்?"

"என்ன எழுதினேன்னு அன்னிக்கே கேட்டார். அடிக்காத லெட்டரைத்தான் படிச்சுக் காட்டினேன். இப்ப, தன் உடம்பாலதான் எனக்கு வேலை கிடைக்கலைன்னு சரியாவே சாப்பிடறதில்லை."

"ஐயோ! அந்த வரி போகவே இல்லைன்னு சொல்லிடேன்."

சுதா டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"சொன்னா, அவரைப் பத்தி எழுத வெக்கப்பட்டு மறைச்சுட்டேன்னு நெனைப்பாரேடி."