பங்களாவில் பதினேழு குடும்பம்

— கேட்டைத் தொற குமாரி. சண்டை போட வரல நான், விளங்குதா?

— அங்கனயே நின்னு பேசுங்க கணக்கப்பிள்ளை ஐயா. உள்ள புள்ளைங்க தூங்குது. இன்னைக்குத்தான் ஈரமில்லாத தரையில படுத்திருக்குதுங்க.

— அது தொரையோட பங்களா தரை.

— எந்தத் தொரைங்க? கடைசியா இருந்தவரு கொழும்புக்குப் போயி ஆறு வருஷமாச்சு. வௌவாலுதான் குடியிருந்துச்சு. நேத்து அதை வெரட்டிட்டுக் கூட்டித் தொடைச்சோம்.

— பூட்டை ஒடச்சிருக்கீங்க. கேஸ் வரும், விளங்குதா?

— நாங்க குடியிருக்கிற லயத்து வீடுங்களுக்கு மேல மலை வெடிச்சு நிக்குதே, அது உங்களுக்கு விளங்குதா? மண்சரிவு வரும், எந்திரிச்சுப் போங்கன்னு செவப்பு நோட்டீஸ் ஒட்டினாங்க. எங்க போறதுன்னு அதுல எழுதல.

— ஸ்கூல்ல இருக்கச் சொன்னாங்கதானே?

— பதினோரு நாள் இருந்தோம். பாடம் தொடங்கணும்னு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்தா எங்க காம்பராவுல கதவு சாத்த முடியல. சொவரு சாஞ்சு கெடக்கு.

— கம்பனிக்கு எழுதியிருக்கு. கொஞ்சம் பொறு.

— மழை பொறுக்குமாங்க? கீழ சிங்கள ஊருக்காரங்களுக்கே தெரியுது. அவங்க பன்சலைக் கோயில் பிக்கு ஹாமுதுரு அரிசியும் பருப்பும் அனுப்பி, பய வென்ன எப்பா, பயப்படாதீங்கன்னு சொல்லிவிட்டாரு.

— அவருக்கென்ன, சொல்லுவாரு. நாலு மணிக்குப் பொலிஸ் வருது. உள்ள இருக்கிற ஆளுங்க பேரை எழுதச் சொல்லி என் கையில கொப்பியைக் குடுத்திருக்காங்க. பேரு ஏறினா வேலை போயிரும். உன் பேரை மட்டும் விட்டுர்றேன். பேசாம எறங்கிப் போயிரு.

— ஏன் விடணும்? மொதப் பேரே என்னோடதா இருக்கட்டும். இராமசாமி மக கிருஷ்ணகுமாரி. இந்த மலையில பதினெட்டு வருஷமா ரப்பர் பால் வெட்டுறவ. எழுதுங்க.

— வம்பு பண்ணாத.

— அடுத்தது எங்க அத்தை புஷ்பம். பக்கத்துக் காம்பரா பழனியப்பன், அவரு சம்சாரம், மூணு புள்ளைங்க. கீழ் லயத்துச் சின்னத்தம்பி. அவருக்கு நடக்க ஏலாது, நாங்கதான் தூக்கிட்டு வந்தோம். அதையும் எழுதுங்க.

— மெதுவா சொல்லு... ம், அப்புறம்?

— விஜயகலா. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க.

— எந்த விஜயகலா? லயத்துல அப்படி ஒருத்தி இல்லையே.

— உங்க வீட்டம்மாதாங்க. உங்க குவாட்டர்ஸ்ல சமைக்கிற குசினிச் சொவரு பொளந்திருச்சாம். காலையில நீங்க ஆபீஸுக்குப் போனதும் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. என்ன ஐயா, பேனா நின்னுருச்சு?